ஒன்பது நாள் ஜப்பான், ரெண்டு பெட்டி, மூணு இன்சுலின் பேனா

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "சகுரா சீசன்ல ஜப்பான் போறோம், என்ன எடுத்துட்டுப் போகணும்?" மார்ச் கடைசி வாரம் நானும் அம்மாவும் போயிட்டு வந்தோம். அதனால லிஸ்ட் கண்டிப்பா சொல்றேன். ஆனா அந்த லிஸ்டுல நான் பண்ணின ஒரு பெரிய தப்பையும் சேர்த்துச் சொன்னாதான் இந்த எபிசோட் நியாயமா இருக்கும்.

முதல்ல பின்னணி. அம்மா மின்வாரிய ஆபீஸ்ல கிளர்க்கா இருந்து ரிட்டயர் ஆனவங்க. திருச்சி. இதுக்கு முன்னாடி ஃபிளைட்ல போனதே ரெண்டு தடவைதான், ரெண்டும் டெல்லி. 12 வருஷமா சர்க்கரை, அதுல கடைசி 4 வருஷமா தினமும் ராத்திரி இன்சுலின். நான்? சாஃப்ட்வேர் ஆளு. ஒரு வேலைய ஆரம்பிக்கணும்னா முதல்ல ஸ்ப்ரெட்ஷீட் ஓப்பன் பண்ணுவேன். இந்த ட்ரிப்புக்கு 64 வரி. ஒவ்வொரு வரிக்கும் எடை, எத்தனை, எந்தப் பெட்டி. தேவையில்லாதத வெட்டித் தள்ளுறதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. அதுதான் பின்னாடி பிரச்சினையாச்சு.

துணியில இருந்து ஆரம்பிப்போம். ஸ்பிரிங்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது பூவும் இளவெயிலும்தான். நிஜத்துல மார்ச் கடைசியில டோக்கியோவுல பகல் 15 டிகிரி சுத்தி இருக்கும், ராத்திரி 6, 7க்கு இறங்கிடும். க்யோட்டோவைச் சுத்தி மலை, அங்க ராத்திரி இன்னும் ஜில்லுனு இருக்கும். பூ பூக்கிற நேரத்துல திடீர்னு குளிர் திரும்பி வர்றதுக்கு ஜப்பானிய மொழியில தனியா ஒரு வார்த்தையே இருக்கு: ஹனாபியே. பூக்குளிர்னு வச்சுக்கலாம்.

பூவோட தேதியும் நம்ம டிக்கெட்டைப் பாத்து வராது. டோக்கியோவுல யாசுகுனி கோயில் வளாகத்துல ஒரு மாதிரி மரம் இருக்கு. அதுல அஞ்சாறு பூ விரிஞ்சாதான் வானிலை மையம் "டோக்கியோவுல சகுரா ஆரம்பிச்சாச்சு"ன்னு அறிவிக்கும். 2023ல அது மார்ச் 14. 2024ல மார்ச் 29. ஒரே மரம், பதினஞ்சு நாள் வித்தியாசம். அப்ப நீங்க பேக் பண்ண வேண்டியது ஒரு வானிலைக்கு இல்ல, ரெண்டு வானிலைக்கு.

அதுக்காக பெரிய ஜாக்கெட் வேண்டாம். உள்ள ஒரு தெர்மல், மேல பருத்திச் சட்டை, அதுக்கு மேல ஒரு லேசான ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் உள்ள வராத ஒரு மெல்லிசு ஜாக்கெட். ட்ரெயினுக்குள்ள ஏறினா ஹீட்டர் இருக்கும், ஒண்ணொண்ணா கழட்டிக்கலாம். அம்மா புடவைதான் கட்டுவேன்னு உறுதியா இருந்தாங்க. உள்ள தெர்மல் போட்டு, மேல முழுக்கை ஸ்வெட்டர், கால்ல கெட்டி சாக்ஸ். ஒரு குறையும் இல்ல. கூடவே அந்தப் பழைய மங்கி கேப்பையும் எடுத்து வச்சாங்க. நான் சிரிச்சேன். அது எனக்கே தேவைப்பட்ட கதை இன்னொரு நாள்.

சாக்ஸ் ஓட்டையில்லாம இருக்கட்டும். கோயில், சில சாப்பாட்டுக் கடை, எல்லா இடத்துலயும் செருப்பைக் கழட்டணும். லேஸ் கட்டுற ஷூவை விட சட்டுனு மாட்டிக் கழட்டுற ஷூ நல்லது. சில்லறைக்கு ஒரு சின்ன பர்ஸ் வேணும், ஏன்னா அங்க 500 யென் வரைக்கும் நாணயம்தான். ரோட்டுல குப்பைத்தொட்டி கிடைக்கிறது கஷ்டம், பையில ஒரு பிளாஸ்டிக் கவர் வச்சுக்கோங்க. அப்புறம் மாஸ்க். வசந்தத்துல சுகி, ஹினோகின்னு ரெண்டு மரத்தோட மகரந்தம் காத்துல பறக்கும். தூசி அலர்ஜி, வீசிங் இருக்கிறவங்க கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க.

இப்ப கரண்ட். அம்மா வீட்டுல இருந்த எலெக்ட்ரிக் கெட்டிலை எடுத்துட்டு வர்றேன்னாங்க. நான் இன்ஜினியரிங் படிச்சதுக்கு உருப்படியா ஒரு தடவை பயன்பட்டது அன்னைக்குத்தான். ஜப்பான்ல 100 வோல்ட். நம்ம ஊர் கெட்டில் 230 வோல்ட்டுக்குச் செஞ்சது. சூடு வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 1500 வாட் கெட்டில் அங்க 280 வாட்தான் குடுக்கும். தண்ணி கொதிக்கிறதுக்குள்ள சகுராவே உதிர்ந்துடும். அதோட, பெரும்பாலான ஹோட்டல் ரூம்ல கெட்டில் இருக்கும். போன், லேப்டாப் சார்ஜருக்குக் கவலை இல்ல, அது 100ல இருந்து 240 வரைக்கும் ஏத்துக்கும். தட்டையான ரெண்டு பின் அடாப்டர் மட்டும் போதும். பவர் பேங்க் கேபின் பையிலதான், செக்-இன்ல வைக்கவே கூடாது. 20,000 எம்ஏஎச்னா 74 வாட்-ஹவர் வரும், 100க்குள்ள இருக்கிறதால சிக்கல் இல்ல.

சாப்பாடு. அம்மா சைவம். அங்க காய்கறி சூப்னு குடுக்கிறதுலயும் தாஷின்னு மீன்ல எடுத்த சாறு இருக்க வாய்ப்பு அதிகம். அதனால புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, அவல், தேப்லா எல்லாம் எடுத்தோம். சூடு பண்ணின சாதம் கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயே பாக்கெட்டா கிடைக்கும். எங்க பெட்டியில இருந்து வெளிய வந்தது ரெண்டு: ஒண்ணு, ஒரு கட்டு கறிவேப்பிலை. பச்சை இலை, பழம், காய் எதுவும் சான்றிதழ் இல்லாம ஜப்பானுக்குள்ள போகாது. இன்னொண்ணு, கொப்பரைத் தேங்காய். அது தானா சூடாகி தீப்பிடிக்கக் கூடியதுன்னு விமானத்துல தடை. கொப்பரையை வெளிய எடுத்தப்ப அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே... (சிரிப்பு)

சரி, இப்ப மருந்து. இங்கதான் விஷயமே.

ஜப்பான்ல மருந்து ரூல் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட். நம்ம ஊர்ல சாதாரணமா விக்கிற சில சளி மாத்திரையில சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல இருந்தா முன் அனுமதி இல்லாம அங்க கொண்டு போகவே கூடாது. அட்டையைத் திருப்பி உள்ள என்ன இருக்குன்னு படிங்க. டாக்டர் எழுதிக் குடுத்த சாதாரண மருந்து ஒரு மாசத்துக்கான அளவு வரைக்கும் முன் அனுமதி இல்லாம எடுத்துட்டுப் போகலாம். தானே போட்டுக்கிற இன்சுலின் ஊசிக்கும் அதே ஒரு மாசம்தான். அதுக்கு மேலன்னா முன்கூட்டியே அங்கிருந்து சான்றிதழ் வாங்கணும். மருந்தோட ஜெனரிக் பேர் போட்டு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க. இன்சுலினை செக்-இன் பெட்டியில போடாதீங்க, கீழ குளிர்ல உறைய வாய்ப்பு இருக்கு. கேபின்லதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் ஷீட்ல இருந்துச்சு. கிளம்புறதுக்கு முதல் நாள் அம்மா மூணு பேனா எடுத்து வச்சாங்க. நான் கணக்குப் போட்டேன். ஒரு பேனாவுல 300 யூனிட். தினமும் 24, ஊசியைச் சரிபார்க்க ஒரு 2, ஆக 26. ஒன்பது நாளுக்கு 234. "அம்மா, ஒண்ணே போதும். பேக்கப்புக்கு ஒண்ணு. மூணாவது எதுக்கு?"

"இருக்கட்டும்டி. என்ன கனமா கனக்குது?"

"கனம் இல்லம்மா, கூல் பவுச்சுல ரெண்டுக்குத்தான் இடம்."

அம்மா ஒண்ணும் சொல்லல. நான் மூணாவதை எடுத்து வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல திரும்ப வச்சேன். ஷீட்ல "2"ன்னு போட்டு பச்சை கலர் அடிச்சேன்.

க்யோட்டோவுல ரெண்டாவது ராத்திரி. ஞாயித்துக்கிழமை. நாள் முழுக்க நடந்து, ஆத்தங்கரையில பூ பாத்து, ரூமுக்கு வந்து படுக்கிற நேரம். மணி பத்தரை. அம்மா பேனாவை எடுத்து வெளிச்சத்துல காட்டினாங்க. "இங்க வந்து பாரு."

உள்ள ஐஸ். ரெண்டு பேனாவுலயும்.

நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரி, "பத்திரமா இருக்கட்டும்"னு நான்தான் பவுச்சை ரூம்ல இருந்த குட்டி ஃபிரிட்ஜுல உள்ள தள்ளி வச்சேன். அது பின்னாடி இருந்த கூலிங் பிளேட்டை ஒட்டி இருந்திருக்கு. டயல் மேக்ஸிமத்துல இருந்ததை நான் பாக்கல. உறைஞ்ச இன்சுலின் அப்புறம் உருகினாலும் பாக்க நல்லா இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. தூக்கித்தான் போடணும்.

நான் போனை எடுத்து தேட ஆரம்பிச்சேன். அங்க இன்சுலின் வாங்க டாக்டர் சீட்டு வேணும். நம்ம ஊர்ச் சீட்டு அங்க கடையில செல்லாது, அந்த ஊர் டாக்டரைப் பாக்கணும். ஞாயிறு ராத்திரி, மொழி தெரியாத ஊரு. ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போறதா, இன்சூரன்ஸ் நம்பருக்குப் போன் போடுறதா... விரல் நடுங்குது எனக்கு.

அம்மா கட்டில்ல உட்கார்ந்து ஹேண்ட்பேக்கைத் திறந்தாங்க. கைக்குட்டை, விபூதிப் பொட்டலம், அதுக்கு அடியில ஒரு பழைய பருத்தித் துணி. அதுக்குள்ள மூணாவது பேனா.

நான் ஃபிரிட்ஜ்ல வச்ச அதே பேனாதான். விடியக்காலையில நான் குளிக்கப் போனப்ப எடுத்துட்டாங்களாம். இத்தனை நாளா சொல்லவே இல்ல. "சொன்னா நீ கணக்குப் போடுவ"ன்னாங்க.

நான் கேட்டேன், "ஃபிரிட்ஜுல வைக்காம இத்தனை நாள் எப்படிம்மா?" அவங்களுக்கு அது தெரியும். பெரும்பாலான இன்சுலின் பேனா 30 டிகிரிக்குக் கீழ, வெயில் படாம இருந்தா நாலு வாரம் வரைக்கும் வெளியவே தாங்கும். சென்னையில மே மாசத்துக்கு ஃபிரிட்ஜ் அவசியம். க்யோட்டோவுல மார்ச் மாசம் அந்த ரூமே போதும். நான் சென்னை வெயிலுக்குப் போட்ட பிளானை அப்படியே க்யோட்டோவுல ஓட்டிட்டேன்.

மக்களே, நான் வேலையில தினமும் பேசுற விஷயம் இது. ரெண்டு சர்வர் வச்சிருக்கோம்னு பெருமைப்பட்டுட்டு ரெண்டையும் ஒரே ரேக்ல வச்சா, அந்த ரேக்குக்குக் கரண்ட் போனா ரெண்டும் காலி. எண்ணிக்கையைப் பாத்தேன், இடத்தைப் பாக்கல. அம்மா வேற இடத்துல ஒண்ணு வச்சாங்க.

அதோட, அது அவங்க உடம்பு. நாலு வருஷமா தினமும் ஊசி போட்டுக்கிறவங்க மூணு வேணும்னு சொன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு அனுபவம் இருக்கும். நான் "ஏன்"னு கேட்டேனே தவிர, பதிலுக்காக நிக்கல. அன்னைக்கு ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டு, குளிருது"ன்னாங்க. அவ்வளவுதான்.

அதனால பெரியவங்களோட போறவங்களுக்கு என் லிஸ்ட்ல புதுசா சேர்ந்த வரி மட்டும் சொல்றேன். உயிருக்கு முக்கியமான மருந்து எதுவா இருந்தாலும் ரெண்டு தனித்தனி பையில பிரிச்சு வைங்க, ரெண்டும் கேபின்லயே. ஹோட்டல் ஃபிரிட்ஜை நம்பாதீங்க. வைக்கணும்னா கதவுப் பக்கம், டயலைப் பாத்துட்டு. ஜப்பான் நேரம் நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி, ஊசி போடுற நேரத்தை எப்படி மாத்தணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆளு. ட்ராவல் இன்சூரன்ஸ் நம்பரை போன்ல மட்டும் இல்லாம பேப்பர்லயும் எழுதி வைங்க.

கடைசியா, பெட்டி கட்டும்போது பெரியவங்களை ஒரு அரை மணி நேரம் தனியா விடுங்க. அவங்க என்ன எடுத்து வைக்கிறாங்களோ வைக்கட்டும். எடை கூடிப் போனா உங்க டி-ஷர்ட்ல ரெண்டைக் குறைங்க.

அடுத்த ட்ரிப்புக்கு ஷீட் ரெடி ஆயிட்டிருக்கு. இந்தத் தடவை எடிட் ஆக்சஸ் அம்மாவுக்கும் குடுத்திருக்கேன். நேத்துப் பாத்தேன், 65வது வரியில "கொப்பரை"ன்னு சேர்த்திருக்காங்க. அந்தச் சண்டையை முடிச்சுட்டு அடுத்த வாரம் வர்றேன்.