கால் வந்தால் கரை வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே, ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மாரிமழை வாய்க்கால்களையும் கேணிகளையும் நிரப்பிவிடும். முன்னாளில் அதுவே சிறுவர்களுக்குத் திருவிழா. சிரட்டையாலும் பழந்துணியாலும் அவர்கள் வாற்பேய்களை வாரியெடுப்பர். மீன்குஞ்சுகளென்றே நம்பி, கண்ணாடிப் போத்தல்களில் இட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்வோரும் உளர்.

சில வாரங்களில் அம்‘மீன்குஞ்சு’க்குப் பின்னங்கால்கள் தோன்றும், பின்னரே முன்னங்கால்கள் வெளிப்படும். வால் அறுந்து விழுவதன்று. உடலே அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். பாசி தின்ற வாய் பூச்சி பிடிக்கும் வாயாக மாறும். செவுளின் தொழிலை நுரையீரல் ஏற்கும். 1912ஆம் ஆண்டிலே குடெர்னாட்ச் என்னும் ஆய்வாளர் வாற்பேய்களுக்குத் தைரொயிட்டுச் சுரப்பியை உணவாக அளித்தார். அவை உரிய காலத்துக்கு முன்னரே சின்னஞ்சிறு தவளைகளாயின. இம்மாற்றத்தைத் தூண்டுவது அச்சுரப்பியே என்பது இவ்வாறு புலனாயிற்று.

ஆயினும், சிறுவர்களின் போத்தல்களிலே இவ்வற்புதம் பலமுறை மரணத்தில் முடிந்தது. நுரையீரல் பெற்ற தவளைக்குஞ்சு, ஏறியிருக்க இடமின்றி நீரில் மூழ்கி இறந்துகிடக்கும். பசியாலன்று, நோயாலுமன்று, ஒரு சிறு கல் இல்லாமையால். அழுது நிற்கும் பேரனிடம், “கால் வந்தால் கரை வேணும், ராசா” என்பார் ஆச்சி.

இலங்கையிலே நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்நாட்டிலும் இல்லாதவை. சில முற்றாக மறைந்தும்போயின. ஆகவே, இன்றும் வாற்பேய் வளர்க்க விழையும் பிள்ளையைப் பெரியோர் தடுக்கவேண்டியதில்லை. போத்தலுக்குப் பதிலாக அகன்ற பாத்திரமும், நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் கல்லொன்றும் கொடுத்தல் வேண்டும். முன்னங்கால்கள் வெளிப்பட்டதும், எடுத்த நீர்நிலையிலேயே அவற்றை விட்டுவரச் செய்தலும் வேண்டும்.