குழிக்கு முன்னே மூன்றடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஏறுவோர் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். செயலாளர் அவர்கள் நம்மைப் பேசப் பணித்தபோது நாமும் அவ்வாறே ஏதேனும் தயாரிக்கலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்குக் கணக்குகளையே புரட்டிவரும் நமக்குக் கம்பரைப் பற்றிப் பேசும் கல்வி ஏது? தெரிந்ததைப் பேசுவதே சபைக்குச் செய்யும் மரியாதை. ஆகவே கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அந்தக் கடைசி அடியைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

ஆங்கிலத்தில் அதனைப் 'பட்டிங்' என்பர். அதற்கான மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர். 'பட்டர் ஒன்று வாங்க வேண்டும்' என்று வீட்டில் சொன்னபோது, 'கால் கிலோ போதாதா?' என்று அடுக்களையிலிருந்து கேள்வி வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரோ திருவரங்கத்துக்காரர். 'பட்டரை அழைப்பார்கள், கேட்டிருக்கிறேன், வாங்குவார்களா?' என்று திகைத்துப்போனார்.

இது பெரிய மனிதர்களின் விளையாட்டாயிற்றே, குமாஸ்தாக்களுக்கு எதற்கு என்று உங்களில் பலர் நினைப்பது நமக்குத் தெரியும். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்தது மிகப் பழங்காலத்தில். கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சங்கம் தோன்றிவிட்டது. பிரிட்டனுக்கு வெளியே இன்றுள்ள கோல்ஃப் சங்கங்களுள் அதுவே மூத்தது. துரைமார்களுக்காகப் பிறந்த அச்சங்கத்தின் மைதானத்தில் புல்தளம் பராமரித்தவர் ஒருவரின் மகன்தான் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பிறர் ஆடுவதைப் பார்த்தே ஆட்டம் கற்ற அவர், 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2021-இல் நடந்தபோது நான்காம் இடத்தைப் பெற்றார். அவரைவிடப் பந்தை நெடுந்தூரம் அடித்தவர்கள் அங்கே பலர் இருந்தனர். அவரை அவ்வளவு தூரம் கொண்டுசென்றது பெரும்பாலும் குழியருகே அவர் கைக்கொண்ட நிதானமே.

கணக்கு எழுதுவது நம் தொழில். ஆதலால் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடிகள் என்று விதிக்கப்பட்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் இந்த உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டவை. சரி பாதி! குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அஃதாவது 108 மில்லிமீட்டர். 1891-இல் ஸ்காட்லாந்தில் இந்த அளவை நிலைநிறுத்தினார்கள். பந்தின் விட்டமோ 1.68 அங்குலம். இரண்டு பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் குழிக்குள் போகும், இடமும் மிஞ்சும். இதில் தவறவிட என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதல்லவா? உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடித் தொலைவிலிருந்து ஏறக்குறைய பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள். பத்தடி என்றால் நூற்றுக்கு நாற்பதளவே.

இனி நம் கதைக்கு வருவோம். நம் காலனி மைதானத்தின் ஒன்பது குழிகளும் நெடுங்காலம் அதிகாரிகளுக்கே உரியவையாக இருந்தன. ஞாயிறு காலைகளில் ஊழியர்களும் குடும்பத்தாரும் ஆடலாம் என்று ஓராண்டுச் சோதனையாக அனுமதி கிடைத்தபோது, நம் அலுவலகத்துத் தமிழர் நால்வர் பெயர் கொடுத்தோம். பழைய மட்டைகளைப் பங்குபோட்டு வாங்கினோம். சென்ற ஆண்டு, அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் நட்புமுறைப் போட்டி நடந்தது. ஒன்பது குழிகளையும் இரண்டு சுற்று ஆடிக் கடைசித் தளத்திற்கு வந்தபோது ஆட்டம் சமநிலையில் இருந்தது. எதிர்த் தரப்பினர் ஐந்து அடியில் முடித்துவிட்டனர். நாம் நான்கு அடித்திருந்தோம். மீதமிருந்தது இரண்டரை அடித் தூரம். போட்டால் சமன். வேலியோரம் நம் காலனிக் குழந்தைகள் எல்லாரும் நின்றிருந்தனர். மட்டையைப் பிடித்த கை நம்முடையதுதான். ஆனால் அது நம்முடையதாக இல்லை. நடுங்கிற்று. பந்து குழியின் வலது விளிம்பைத் தொட்டுக்கொண்டு அப்பால் போயிற்று.

1970-இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசித் தளத்தில் டக் சாண்டர்ஸ் என்பவர் சுமார் மூன்றடி தூரத்துப் பந்தைத் தவறவிட்டு, மறுநாள் நடந்த ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸிடம் தோற்றார் என்று பிற்பாடு படித்தோம். பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஆறுதலும் தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும்போது, 'ரெண்டடிதானே அப்பா?' என்று மகள் கேட்டாள். பதில் சொல்லவில்லை.

தோல்வியைவிடப் பெரிய தீங்கு அதற்குப் பின் வந்தது. வெட்கத்தினால் நாங்கள் இரண்டு மாதம் மைதானத்தின் பக்கமே போகவில்லை. எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்த மற்றவர்களும் நின்றுவிட்டனர். ஞாயிற்றுக்கிழமைப் பதிவேட்டில் பெயர்கள் மெலிந்தன. வருகை இவ்வாறே இருந்தால் மார்ச்சுக்குப் பிறகு அனுமதியை நீட்டிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மைதானக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் மீது குறையில்லை. ஆளில்லாத வண்டியை யார் ஓட்டுவார்கள்?

அப்போதுதான் சாச்சாவின் நினைவு வந்தது. நாற்பது ஆண்டுகளாக அம்மைதானத்தில் ஆட்டப் பைகளைச் சுமந்துவரும் முதியவர் அவர். அந்த வேலை செய்பவரைக் 'கேடி' என்பார்கள்; போலீஸ் ஏட்டிலுள்ள கேடி அல்ல, இது வேறு. எந்தத் தளத்தில் பந்து எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்குத் தம் வீட்டு முற்றம்போலத் தெரியும். பை சுமப்பவரிடமா பாடம் கேட்பது என்று நம்மவர்களிலேயே ஓரிருவர் முகம் சுளித்தனர். பெயர் வேண்டாம்; அவர்களும் இச்சபையில் இருக்கிறார்கள், இன்று அவர்களும் அவரிடமே கற்கிறார்கள். நால்வரும் சேர்ந்து ஞாயிறுதோறும் சம்பளம் தருவதாகச் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். சுமைக்குக் கூலி கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். படிப்பித்ததற்குக் காசு இதுவரை யாரும் நீட்டியதில்லையாம்.

முதல் நாள் மட்டையைத் தொடவே விடவில்லை. பந்தைக் கையால் உருட்டச் சொன்னார். பத்தடி, இருபதடி, முப்பதடி என்று ஒரு மணி நேரம் உருட்டினோம். ஊரில் தெருப்புழுதியில் குழி தோண்டிக் கோலிக்குண்டு ஆடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அன்று எந்தப் பையனும் தூரத்தை அளந்ததில்லை. கண் பார்த்தது, கை செய்தது. நாற்பது வயதில் நாம் இழந்திருந்தது அதைத்தான். தூரத்தை உணர்வது முதற்பாடம், திசை அப்புறம் என்பது சாச்சாவின் கொள்கை. யோசித்துப் பார்த்தால் அது சரியே. முப்பதடியிலிருந்து திசை தவறினால் ஓரடி இரண்டடி விலகும். வேகம் தவறினாலோ ஆறடி எட்டடி குறையும் அல்லது தாண்டும். வேகத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. மெல்ல வரும் பந்துக்குக் குழி முழுவதும் வாசல். விரைந்து வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டுமே வாசல், விளிம்பில் பட்டால் வெளியே தள்ளிவிடும். குழியைத் தாண்டினால் ஓரடி, ஒன்றரையடிக்குள் நிற்கும் வேகமே நல்ல வேகம்.

திசைக்கு அவர் சொன்ன வழி மிக எளியது. மட்டையின் தலையைவிடச் சற்றே அகலமாக இரண்டு ஆணிகளைத் தரையில் ஊன்றி, அவற்றினிடையே மட்டை இடிக்காமல் போய்வர வேண்டும். மட்டை போகும் பாதையைவிட, பந்தைத் தொடும் கணத்தில் அதன் முகம் எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்பதே பந்தின் திசையைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கருவிகள் வைத்துக் கண்டதும் இதுவே. நாம் முகத்தைத் திருத்தாமல் தோளையும் காலையும் மாற்றி மாற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தளத்தின் சாய்வைக் காண, 'ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எங்கே ஓடும் என்று பார்' என்பார். வாசல் தெளிக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்து வேகம் குறையும் கடைசி மூன்றடியில்தான் சாய்வு அதிகம் இழுக்கும். ஆகவே குழியைச் சுற்றியுள்ள தரையையே கூர்ந்து நோக்க வேண்டும். வெப்ப நாடுகளின் தளங்களில் பெரும்பாலும் பெர்முடா புல் வகை வளர்க்கப்படுகிறது. அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லின் இனம்! புல் படிந்திருக்கும் போக்கிலே பார்த்தால் பளபளக்கும், பந்து விரையும். எதிர்ப்போக்கிலே பார்த்தால் கருத்துத் தோன்றும், பந்து தயங்கும். தளத்தின் வேகத்தை அளக்கவும் ஒரு கருவி இருக்கிறது. அமெரிக்காவில் 1935-இல் ஓக்மாண்ட் என்னுமிடத்துப் போட்டியைப் பார்த்த எட்வர்டு ஸ்டிம்சன் என்பவர் அமைத்த சரிவுப் பலகை அது. அதிலிருந்து உருண்ட பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே தளத்தின் எண். நம் மைதானத்திற்கு அக்கருவி கிடையாது. விடியற்பனி உலர்ந்ததா இல்லையா என்று சாச்சா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

கை நடுக்கத்தை அவரிடம் சொல்ல மிகவும் தயங்கினோம். கடைசியில் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. 'கான் ஸே தேக்கோ' என்றார்; காதால் பார். பந்தை அடித்தபின் தலையைத் தூக்காதே, குழியில் விழும் ஓசை கேட்கட்டும் என்பது பொருள். ஒரு முறை குழியைப் பார்ப்பது, ஒரு மூச்சு விடுவது, அடிப்பது. இம்மூன்றையும் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்தால் நடுங்குவதற்கு நேரமிராது என்றார். ஜெர்மானியரான பெர்ன்ஹார்டு லாங்கர் இந்த நடுக்கத்தால் பல ஆண்டுகள் அல்லலுற்றவர். மட்டையைப் பிடிக்கும் முறையையே மாற்றி மாற்றிப் பழகி, 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். நம் நடுக்கம் முற்றும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். வருகிறது. வந்தாலும் வரிசை நிற்பதில்லை.

பயிற்சிக்கு மைதானம் கூட வேண்டாம். குவார்ட்டர்ஸின் நடைக்கூடத்தில் ஜமக்காளத்தை இழுத்துக் கட்டி விரித்து, மறுகோடியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கிடத்திவிட்டால் போதும். டம்ளரின் வாய் குழியைவிடச் சிறியது; ஆகவே மைதானத்துக் குழி அகன்று தெரியும். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஐம்பது பந்து, மூன்றடித் தொலைவிலிருந்து. மகள் பழைய நோட்டில் கணக்கு வைத்தாள். முதல் வாரம் ஐம்பதுக்கு இருபத்தேழு. மூன்று மாதத்தில் நாற்பத்தொன்று. இடையில் ஒரு வாரம் மீண்டும் முப்பதுக்கு இறங்கியது. ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை. கீழ்வீட்டு நண்பர், 'இரவில் டம்ளர் உருளும் சத்தம் கேட்கிறதே, வீட்டில் சண்டையா?' என்று கேட்டார். அவரும் இப்போது வருகிறார்.

இந்த ஆண்டுப் போட்டியில் வென்றோமா என்று கேட்பீர்கள். போட்டி இன்னும் நடக்கவில்லை, பிப்ரவரியில் வருகிறது. அதனாலேதான் இன்று பேசுகிறோம். பதிவேட்டில் இப்போது ஞாயிறுக்குப் பதினோரு பேர். குழு கேட்பது இருபது. சாச்சாவுக்கு இரு கண்களிலும் புரை விழுந்திருக்கிறது. ஹோலிப் பண்டிகைக்குப் பின் ஊரோடு போய் மகன் வீட்டில் தங்கிவிடப் போவதாகச் சொல்கிறார். கண்புரைச் சிகிச்சைக்கு அவரை அழைத்துச் செல்ல நால்வரும் ஏற்பாடு செய்துவருகிறோம். அவர் திரும்பி வருவாரா என்பது தெரியாது.

ஆகவே வரும் ஞாயிறு முதல் காலை ஆறு மணிக்கு, இன்ஸ்டிட்யூட்டின் பின்புறமுள்ள சிறு தளத்தில் பாடம் நடைபெறும். பெண் குழந்தைகளையும் அவசியம் அனுப்புங்கள். மட்டை இல்லையென்று தயங்க வேண்டாம். பொதுவில் ஆறு மட்டைகள் இருக்கின்றன. குதிகால் உயர்ந்த செருப்போடு தளத்தில் ஏறலாகாது. வாயிலில் பதிவேடு இருக்கும். உள்ளே வருமுன் ஒவ்வொருவரும், குழந்தைகள் உட்பட, தத்தம் பெயரைத் தெளிவாக எழுதிக் கையொப்பமிடுங்கள்.