விலாவிறைச்சியும் வன்னி அடுப்பும்

கண்டி மன்னனின் நாட்டிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679 ஆம் ஆண்டில் தோழர் ஒருவருடன் வடக்கு நோக்கித் தப்பிச் சென்றார். இடைவழியில் வினவிய அதிகாரியிடம் அவர் கூறிய சாட்டு, 'வற்றல் இறைச்சி வாங்க வந்தோம்' என்பதே. மானும் மரையும் மலிந்த காட்டுப்புறத்தில் அது நம்பத்தக்க சாட்டுத்தான். அதன் பின்னர் அவ்விருவரும் அருவியாற்றின் கரையோரமாகக் காட்டைக் கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தனர்.

வற்றல் போடுவதற்குத் தசையை நீளக் கீலங்களாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலிலோ அடுப்புப் புகையிலோ உலர்த்துவர். விலாப்பகுதி இதற்கு இசையாது. எலும்பை ஒட்டிய ஈரம் எளிதிற் காயாது, பழுதுறுவதும் அவ்விடத்திலேதான். ஆதலால் விலா அன்றைக்கே அடுப்பேற வேண்டியதாயிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்த பின்னர், மான் இறைச்சியை அடுப்பேற்றுவது குற்றமாகும். இன்று விலாவிறைச்சி என்றால், அதனை உண்ணும் இல்லங்களில், சந்தையில் வாங்கும் மாட்டிறைச்சியே.

மேனாட்டார் இதனைப் போறணையில் வாட்டி, உள்ளே செந்நிறம் மாறாதிருக்கும்போதே எடுத்துவிடுவர். கொழுக்க வளர்த்த இளமாட்டுக்கு அது பொருந்தும். வன்னியின் மாடோ காட்டிலும் வயலிலும் நடந்து உரம் ஏறியது, கொழுப்புக் குறைந்தது. அதனை அவ்வாறு வாட்டினால் தோலை மெல்வது போலிருக்கும். தசையைப் பிணிக்கும் நார்ப்பொருள் 70 பாகை செல்சியசுக்கு மேல், ஈரத்தோடு, மணிக்கணக்காக வெந்தாலன்றிக் குழையாது. விலை கொடுத்து வாங்கியதை விரைந்த நெருப்பினாற் கெடுத்துக்கொள்வோர் பலர்.

போறணை இல்லையே என்று கவலற்க. மூடியின்மேல் தணலிட்டுக் கேக் சுடும் சட்டியே போதுமானது. மூன்று விலாவெலும்புகள் கொண்ட துண்டில் உப்பு, மிளகு, அரைத்த உள்ளி, இஞ்சி ஆகியவற்றைப் பூசி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெக்கை மிகுந்த நாளாயின் ஒரு மணி நேரமே போதும். தாச்சியிற் கொழுப்புப்புறத்தை முதலிற் கீழாக வைத்து, எல்லாப் பக்கமும் பழுப்பாகும்வரை வாட்டுக. பின்னர் எலும்புப்புறம் கீழிருக்குமாறு கனத்த சட்டியில் இறக்க, எலும்பே தாங்கியாகி இறைச்சி அடிப்பிடியாமற் காக்கும். ஒரு குவளை நீரும் சிறிது வினாகிரியும் ஊற்றி மூடுக. கீழே சிறு தணல், மேலே பெருந்தணல். மூன்று மணி நேரம் வரை செல்லும். நீர் வற்றினால் வெந்நீரே ஊற்ற வேண்டும். மூடியை அடிக்கடி திறப்பவர் நேரத்தையும் விறகையும் ஒருங்கே இழப்பர்.

ஈர்க்கு தடையின்றி உட்செல்லுமாயின் இறக்கிவிடலாம். ஆயினும் உடனே வெட்டலாகாது. கால் மணி நேரம் ஆறவிட்டால் சாறு உள்ளேயே தங்கும். கத்தியை நாருக்குக் குறுக்கே ஓட்டுக. சட்டியடியிலுள்ள குழம்பைச் சற்று வற்றவைத்து மேலே ஊற்றலாம். எஞ்சிய எலும்புகளுக்கு மல்லியும் மிளகும் சேர்த்து, அன்றிரவே இரசம் வைத்துவிடுவது நல்லது.