செலவும் வரவும்

(அந்தியூரில் தமிழன்பர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நகர்க் கலைவாழ்வைத் துய்த்தலும் அயல்நாடு சென்று வருதலும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வெற்றிலைக் கொடிக்காலும் சந்தையுமாக வாழும் அந்தியூர்க்கு இத்தலைப்பு எதற்கு என்று எவரும் நகைக்க வேண்டா. ஆடித் திங்களில் நம் குருநாதசாமி கோயில் விழாவுக்குத் தொலைவூர்க் குதிரைகள் வந்து நிற்கின்றன. பர்கூர் மலைமாடுகள் இறங்கி வருகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் வரும் கூட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. அயல்நாட்டில் ஒரு மகனோ மகளோ இல்லாத தெருவும் இன்று நம்மூரில் ஏது? ஆகவே இது நம் வீட்டுப் பேச்சே.

ஊர்விட்டு ஊர் போதலை நம் முன்னோர் ‘செலவு’ என்றனர். ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. கால் நடந்து போவதும் செலவு. கைப்பொருள் போவதும் செலவு. அதன் எதிர்ச்சொல் ‘வரவு’. ஆள் திரும்பி வருவதும் வரவு. பொருள் வந்து சேர்வதும் வரவு. எனவே சென்னைக்கோ சீமைக்கோ போய்த் திரும்பிய ஒருவனை நாம் கேட்க வேண்டுவது ஒன்றே: தம்பி, செலவு தெரிகின்றது, வரவு என்ன?

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை எண்ணிப் பாருங்கள். கலத்தில் வந்த குதிரைகள், மூட்டை மூட்டையாக வந்த மிளகு, கடல்கடந்த நாடுகளின் பண்டங்கள், பன்மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த சேரிகள் எனக் காவிரிப்பூம்பட்டினத்தின் பெருவாழ்வை அவர் விரித்துரைக்கின்றார். ஆயினும் அப்பாட்டின் உட்பொருள் யாது? செலவழுங்குதல்! அப்பட்டினமே கிடைப்பினும் தன் காதலியைப் பிரிந்து வாரேன் என்கின்றான் தலைவன். நகரின் சிறப்பை அறியாதவன் கூறிய மறுப்பன்று இது. முற்றும் அறிந்தவன் கூறிய மறுப்பு. எது பெரிது என்று அளக்கும் கோல் அவன் கையில் இருந்தது.

போகத் துணிந்த தமிழரும் அக்கோலைக் கையில் கொண்டே போயினர். எகிப்து நாட்டுச் செங்கடற்கரையில் குசேர் அல்காதிம் என்னும் பழந்துறை ஒன்று உண்டு. அங்கே அகழ்ந்தெடுத்த ஓடுகளில் ‘கண்ணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. நம் ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணலிலும் அவ்வாறே பெயர் கீறிய ஓடுகள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன், மொழி வேறான கரையில் நின்று, தன் பானையின்மேல் தன் எழுத்தில் தன் பெயரை எழுதினான் தமிழன். நாணவில்லை அவன்.

இனி, நாணியவர் கதைக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அழைக்கச் சிங்கப்பூர் சென்றேன். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. வானூர்தி நிலையத்துப் பலகையில் தமிழெழுத்தைக் கண்டபோது என் கண் பனித்தது. 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் அங்கு நாளிதழாக வெளிவருகின்றது. அவ்விதழை வளர்த்த கோ. சாரங்கபாணியார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் மக்களிடம் பொருள் திரட்டியவர்.

அத்தகைய மண்ணில், என் மாணவர் தம் மகளுக்குப் பள்ளியில் தமிழை விடுத்து வேறொரு மொழியை எடுத்துத் தந்திருந்தார். “தமிழ்தானே ஐயா, வீட்டில் பேசிக்கொள்ளலாம்” என்றார். வீட்டிலோ ஆங்கிலமே நடமாடிற்று. அன்றிரவு ஊரிலிருந்து அவர் தாயார் தொலைபேசியில் அழைத்தார். “சோறு உண்டியா கண்ணு?” என்று பெயர்த்தியைக் கேட்டார். குழந்தை ஒன்றும் விளங்காமல் விழித்தது. பேசியைத் தந்தையிடம் நீட்டிற்று. பட்டியில் நின்ற மாடுகளை விற்று மகனைப் படிக்கவைத்தவர் அத்தாயார். செலவெல்லாம் அவருடையது. வரவு? பெயர்த்தியின் ஒரு சொல்லும் அவர்க்கு வந்து சேரவில்லை.

என் மாணவரைக் குறைகூற எனக்கு வாயில்லை, தோழர்களே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன் நான் முதன்முறையாகச் சென்னை சென்றேன். ஓர் இசையரங்கில் அமர்ந்தேன். பாடிய பாட்டுகளுள் பெரும்பாலன எனக்கு விளங்காத மொழியில் இருந்தன. பக்கத்திலிருந்தவர் தலையசைத்தார், நானும் அசைத்தேன். இடைவேளையில் அவர், “தங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். “கோவை” என்றேன். அந்தியூர் என்று சொல்ல நாவெழவில்லை. தமிழ் பயிற்றும் ஆசிரியன் நான்! ஊரின் பெயரை மறைத்த என்னிடம் படித்த பிள்ளை, ஊரின் மொழியை மறைத்தது வியப்பா?

அந்நாணத்தை ஒழித்தாலன்றி எந்தச் செலவிலும் வரவில்லை. தனிநாயக அடிகளாரைப் பாருங்கள். 1913இல் ஈழத்தில் பிறந்தவர்; உரோமையில் கற்றுத் துறவியானவர்; வளர்ந்த பின்னரே தமிழை முறையாகப் பயின்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். நாடு நாடாகச் சுற்றினார். ‘ஒன்றே உலகம்’ என்று செலவுநூலும் எழுதினார். வத்திக்கான் நூலகத்தில் வேடிக்கை பார்த்தா நின்றார்? 1679இல் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கீசிய அகரமுதலியைத் தேடிக் கண்டார். 1966இல் மீண்டும் அச்சேற்றினார். அவ்வாண்டே முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடவும் முன்னின்றார். வரவு என்றால் இது வரவு!

ஆகவே இளைஞர்களே, போங்கள். சென்னைக்குப் போனால் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் ஒரு பகல் இருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளைக் கண்குளிரக் காணுங்கள். 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தின் விழாவில், பொருள் உணர்ந்து தலையசையுங்கள். பிறர் கலையையும் மதித்துத் துய்யுங்கள், அயல்மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். கண்டதைத் தமிழில் எழுதி வீட்டுக்கு விடுங்கள். ஊர் எது என்று கேட்டால், அந்தியூர் என்று உரக்கச் சொல்லுங்கள்.

வரும் ஆடி விழாவுக்கு அக்குழந்தை சிங்கப்பூரிலிருந்து வருகின்றாள். பாட்டியின் கைபற்றிக் குதிரைகளைப் பார்ப்பாள். அதன் பெயரைப் பாட்டியின் மொழியில் ஒருமுறையேனும் சொல்லுவாளா என்பதே என் கவலை. அச்சொல்லை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

வாழ்க தமிழ்!