‘சரி’ என்று போட்ட கையெழுத்து

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)

புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒரு தவறை ஒத்துக்கொள்ளத்தான் வந்திருக்கேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். அங்கே தீயணைப்புக்கென்று ஒரு டீசல் பம்ப் உண்டு. கரண்ட் போனாலும் தண்ணீர் தர வேண்டியது அதுதான். வாரம் ஒருமுறை அதை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை நெருக்கடியில், ‘போன தடவை நல்லாத்தானே ஓடிச்சு’ என்று சில வாரங்கள் ஓட்டாமலே ‘சரி’ என்று எழுதிவிட்டேன். ஒருநாள் தீயணைப்பு ஒத்திகை. பொத்தானை அழுத்தினால் பம்ப் உறுமக்கூட இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. ரிஜிஸ்தரில் மட்டும் உயிரோடு இருந்தது! ஒத்திகை என்பதால் தப்பித்தோம்.

அன்று இரவு வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சர்தை சபையைப் பார்த்து ஆண்டவர் சொல்வதும் இதைத்தானே? பெயருக்கு உயிர், உள்ளே மரணம். விழித்துக்கொள் என்று எச்சரிக்கிறார்.

சர்தை மக்களுக்கு இது சுருக்கென்று தைத்திருக்கும். இன்றைய துருக்கியில் உள்ள அந்த ஊரின் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. யாராலும் ஏற முடியாது என்று நம்பிய பக்கத்தில் காவல் போடவில்லை. கி.மு. 546 அளவில் பாரசீக அரசன் கோரேசின் வீரர்கள் அந்தப் பக்கமாகவே ஏறிப் பிடித்தார்கள். சுமார் 330 ஆண்டுகள் கழித்து, மூன்றாம் அந்தியோகஸின் ஆட்களும் காவலில்லாத செங்குத்தில்தான் ஏறினார்கள். மதில்மேல் கழுகுகள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே அங்கே ஆள் இல்லை என்று கண்டுகொண்டார்களாம். சர்தை விழுந்தது பலவீனமான பக்கத்தில் அல்ல, பலம் என்று நினைத்த பக்கத்தில்.

என் பலமான பக்கம் எது? ஜெபம். இதே விடுதியில் அதிகாலை ஜெபக்குழுவை நடத்தினவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் என் அறைத்தோழனின் அம்மாவுக்கு ஆபரேஷன். “எங்க அம்மாவுக்காக ஜெபம் பண்ணுடா, நீ பண்ணினா எனக்குத் தைரியம்” என்றான் போனில். “கண்டிப்பா பண்றேண்டா” என்றேன். ஒருநாள்கூடப் பண்ணவில்லை. தேவ கிருபையால் அம்மா சுகமானார்கள். “உன் ஜெபம்தாண்டா” என்று அவன் நன்றி சொன்னபோது, வாய் திறக்காமல் அதையும் வாங்கிக்கொண்டேன். ஓட்டாத பம்புக்குக் கையெழுத்துப் போட்டதும் இந்த மௌனமும் ஒன்றுதான்.

அந்த நண்பன் இன்று இந்த அரங்கில் இருக்கிறான். நேற்றிரவு விடுதி வராந்தாவில் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “இப்பவாவது பண்ணுடா” என்றான். இரண்டு பேரும் அங்கேயே முழங்கால் படியிட்டோம்.

தம்பி தங்கைகளே, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, சபைக் கமிட்டி எல்லாம் நல்லவைதான். ஆனால் அவை ரிஜிஸ்தர்; பம்ப் அல்ல. ‘இதில் நான் தேறினவன்’ என்று நினைக்கிற இடத்தில் முதலில் காவல் போடுங்கள். இப்போதெல்லாம் யாராவது ஜெபிக்கச் சொன்னால், போனை வைக்கும் முன்பே இரண்டு வாக்கியமாவது ஜெபித்துவிடுகிறேன். சனிக்கிழமை தோறும் பம்பையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

கர்த்தர் நம்மை விழிப்பாய்க் காப்பாராக.