இன்ஜின் வேலை முடிஞ்ச வண்டி மிஸ் அடிச்சா

தக்கலையிலருந்து பேசுறேன். மழைக்காலம் முடியுற நேரத்துல நம்ம பக்கத்து ஒர்க்‌ஷாப்புகள்ல ஒரே மாதிரி புகார் வரத் தொடங்கும். "இன்ஜினை முழுசா பிரிச்சு வேலை பாத்தாச்சு, லேத்துக்கும் போயிட்டு வந்தாச்சு. ஆனா நின்னா குலுங்குது, ஏத்தத்துல இழுக்கல, செக் லைட் எரியுது. ஸ்கேன் போட்டா சென்சார் போச்சுங்காங்க." இன்னைக்கு இதைப் பத்தித்தான்.

முதல்லயே சொல்லிடுறேன். பிரிச்சுப் பூட்டின இன்ஜின் மிஸ் அடிச்சா உடனே சென்சார் வாங்க ஓடாதீங்க. வேலைக்கு முன்னால ஒழுங்கா இருந்த சென்சார், வேலை முடிஞ்ச மறுநாளே தானா சாகுறது அபூர்வம். கை பட்ட இடத்தைத்தான் முதல்ல பாக்கணும்.

ஸ்கேனர்ல பி 0301ன்னு வந்தா ஒண்ணாம் சிலிண்டர் மிஸ் அடிக்குது. பி 0302ன்னா ரெண்டாவது. பி 0300ன்னா ஒரு சிலிண்டர்ல நிக்காம மாறி மாறி அடிக்குது. எரர் கோடு இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பெட்ரோல் வண்டியில ரொம்ப வீண்பழி ஏத்துக்கிடுறது ஆக்சிஜன் சென்சார். ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியலைன்னா, உள்ள போன காத்துல இருக்கிற ஆக்சிஜன் அப்படியே சைலன்சர் பக்கம் வந்துடும். சென்சார் அதைப் பாத்து, "காத்து அதிகம், பெட்ரோல் கம்மி"ன்னு சொல்லும். கண்டதைச் சொன்ன சாட்சியைப் பிடிச்சு உள்ள போட்ட மாதிரி, நாம அதைக் கழத்தி எறியுறோம். புதுசு போட்டாலும் அது அதையேதான் சொல்லும்.

அந்தச் சென்சாரை நிஜமாவே கெடுக்கிறதும் உண்டு. ஆயில் சம்ப், வால்வு கவர் பூட்டும்போது கண்ட சிலிக்கோன் பேஸ்ட்டையும் அள்ளிப் பூசினா, அதோட ஆவி உள்ள போய் சென்சார் மேல படியும். சென்சாருக்குப் பாதிப்பில்லைன்னு டியூப்லயே எழுதின பேஸ்ட்டு கடையில கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கணும்.

இப்போ நம்ம ஊரு விஷயத்துக்கு வாறேன். 2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கும். நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையிலயே மண் சரிஞ்சு ரயில் நின்னுது. அந்த மாதிரி மழையில தேங்கின தண்ணிக்குள்ள வண்டியை ஓட்டினா, ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடும். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வர இடமில்லாம கனெக்டிங் ராடு வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவா இருந்தாக்கூட அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, கம்ப்ரெஷன் குறையும். ரிங்கும் பேரிங்கும் மாத்திட்டு, ராடு நேரா இருக்கான்னு லேத்துல பாக்காம பூட்டினா, அந்தச் சிலிண்டர் மறுபடி மிஸ் அடிக்கத்தான் செய்யும். எந்தச் சென்சார் மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

அதனால கம்ப்ரெஷன் கேஜ் வச்சுப் பாருங்கன்னு கேளுங்க. எல்லா பிளக்கையும் கழத்தி, பெட்ரோலையும் இக்னிஷன் காயிலையும் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு ஸ்டார்ட்டரைச் சுத்தணும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டினா கோளாறு உள்ளதான் இருக்கு. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கணும். நல்லா ஏறினா ரிங். ஏறலைன்னா வால்வு, ஹெட் கேஸ்கெட், இல்ல அந்த ராடு. புது ரிங் படிய கொஞ்சம் ஓட்டம் வேணும், அதுக்கு மட்டும் சலுகை குடுக்கலாம்.

கம்ப்ரெஷன் சரின்னா, ரெண்டு சிலிண்டரோட காயிலை மாத்தி மாட்டுங்க. மிஸ்ஸும் கூடவே போச்சுன்னா காயில்தான். போகலைன்னா பிளக்கு, இன்ஜெக்டர், வயர் கப்ளர். பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு கப்ளர் ஒரே மாதிரி இருந்து இடம் மாறிப் போறதும் நடக்கும். பிளக்கை முறுக்கும்போது வெள்ளைப் பீங்கான்ல விழுற மெல்லிசான கீறலை ரொம்பப் பேரு பாக்குறதில்ல.

ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு சென்சார் கோடு ஒரே நேரத்துல வந்தா, முதல்ல எர்த் வயரைப் பாருங்க. இன்ஜினை இறக்கி ஏத்தினவங்க அதை மாட்ட மறந்திருக்கலாம், துரு மேலயே முறுக்கியிருக்கலாம். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகள்ல உப்புக்காத்து எர்த் போல்ட்டைச் சும்மா விடாது. சேறு புகுந்த கப்ளர்ல பின் பச்சை பிடிச்சிருக்கும். பல சென்சாருக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகும், அதுல ஒண்ணு ஷார்ட் ஆனா மத்ததும் தப்பாப் பேசும்.

பி 0016ன்னு வந்தா, கிராங்க்கும் கேமும் ஒத்துப் போகலைன்னு அர்த்தம். ரெண்டையும் இணைக்கிற டைமிங் செயினை ஒரு பல்லு தள்ளிப் பூட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும், இழுக்காது. இங்க கேம் சென்சாரை மாத்தித் தப்பிக்கப் பாக்குறது நியாயமே இல்ல. கவரைத் திறந்து மார்க்கைப் பாக்கணும். டீசல் காமன் ரெயில்னா, நிறைய வண்டியில இன்ஜெக்டருக்குன்னு ஒரு நம்பர் உண்டு. இன்ஜெக்டரை மாத்தினாலோ, இடம் மாத்திப் போட்டாலோ அந்த நம்பரை ஸ்கேனர்ல ஏத்தியே ஆகணும்.

வண்டிக்காரங்க மெக்கானிக்குக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, எப்போ மிஸ் அடிக்குதுன்னு சரியாச் சொல்றது. நின்னா குலுங்கி, வேகம் எடுத்தா சரியாகுதா? எங்கேயோ ஹோஸ் கழண்டு ஏர் லீக் ஆகுதான்னு பாக்கணும். நின்னா நல்லா இருந்து, பேச்சிப்பாறை ஏத்தத்துல மட்டும் திணறுதா? பிளக், காயில், பெட்ரோல் பிரஷர் பக்கம் போகணும். செக் லைட் நிலையா எரிஞ்சா மெதுவா ஒர்க்‌ஷாப் வரைக்கும் வரலாம். விட்டு விட்டு மின்னினா ஓரம் கட்டுங்க, எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுப் பொசுக்கிடும். அது இன்னொரு பெரிய செலவு.

ஒர்க்‌ஷாப் நடத்துற அண்ணாச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள். எரர் கோடை அழிக்கிறதுக்கு முன்னால எழுதி வைங்க. வண்டியைக் குடுக்கும்போது பில்லோட கம்ப்ரெஷன் ரீடிங்கையும் சிலிண்டர் வாரியா எழுதிக் குடுங்க. வண்டிக்காரங்களும் அதைக் கேட்டு வாங்கின பிறகு மட்டும் சாவியை வாங்குங்க.