பிரசாவுரிமையும் காணியும்

(விசுவமடுவில் நடைபெற்ற சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மனுநீதிச் சோழன் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அக்கதையில் ஒரு பகுதியை நாம் விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறோம். மைந்தன்மேல் தேரைச் செலுத்தும்படி அரசன் முதலில் தன் அமைச்சன் ஒருவனையே பணித்தான். அவன் அதற்கு மனம் ஒவ்வாது தன் உயிரையே மாய்த்துக்கொண்டான். அதன் பின்னரே அரசன் தானே தேரேறினான். தன் குடியால் நேர்ந்த பிழையைத் திருத்தும் கருமத்தை இன்னொருவன் தலையில் வைத்துவிட்டுத் தான் ஒதுங்கியிருக்க இயலாது என்பதைச் சேக்கிழார் அந்த ஓரிடத்தில் காட்டிவிடுகிறார். இதே கதையை மகாவம்சம் எல்லாளன்மேல் வைத்துச் சொல்கிறது. ஆகவே இந்நாட்டில் இது எல்லாருக்கும் பொதுவான கதை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த எம் சகோதரரைப் பற்றியது. அவர்களுக்கு நேர்ந்த அநீதியில் பெரும்பகுதி அரசாங்கம் செய்தது. ஆனால் ஒரு பகுதி நம்முடையது. அந்தப் பகுதியைப்பற்றி மேடைகளில் பேசுவோர் குறைவு.

முதலில் அரசாங்கம் செய்ததைப் பார்ப்போம். சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது அச்சட்டம். லயத்திலே பிறந்து லயத்திலே மாண்டவனுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை அவன் பேரன் எங்கே போய்த் தேடுவான்? ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலேயே தேர்தற் சட்டத்தைத் திருத்தி அவர்களின் வாக்கையும் எடுத்துவிட்டார்கள். 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனங்கள் 1952இல் ஒருவரைத்தானும் அனுப்ப முடியவில்லை. அந்நாளில் நமது தமிழ்ப் பிரதிநிதிகளும் ஒருமுகமாக நிற்கவில்லை. செல்வநாயகம் அவர்கள் எதிர்த்து நின்றார். 1949 டிசம்பரில் தனிக் கட்சியும் கண்டார். வேறு சிலரோ அரசாங்கத்தின் பக்கம் நின்றனர். இதனை நாம் மறைக்கவேண்டியதில்லை.

பின்னர் 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று இரு அரசாங்கங்களும் பங்கிட்டுக்கொண்டன. 1974இல் அந்த மிகுதியையும் சரிபாதியாகப் பிரித்தனர். யாரைப் பிரித்தார்களோ அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் போக, இந்த மண்ணிலேயே நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமே பிரசாவுரிமையைத் திருப்பிக் கொடுத்தது. எடுத்தது ஒரே நாளில். கொடுக்கச் சென்றது ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

நல்லது, கொடுத்தாயிற்றே, இனி என்ன குறை என்று கேட்கலாம். அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் இந்த வன்னியில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

இரணைமடுக் குளத்தின் கீழே குடியேற்றம் நடந்தபோதும், பின்னர் முத்தையன்கட்டிலும் இந்த விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தபோதும், பிரசாவுரிமை உள்ளவருக்கே அரசாங்கக் காணி கிடைத்தது. எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தடை வந்தது. இங்கே மிளகாய் பொன் விளைந்தது போல விளைந்தது, கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. நம்மவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. காடு வெட்டி, மலேரியாவோடும் யானையோடும் போராடியவர்கள் அவர்கள். ஆனால் அக்காலத்தில் கன்று நட்டவர் யார்? வெயிலில் நின்று பழம் ஆய்ந்தவர் யார்? 1958இன் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களும், 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்து வந்தவர்களும், 1977இல் வீடு எரிந்து வந்தவர்களும் அல்லவா? அவர்களுக்குக் கூலி கிடைத்தது, சில வேளை அதுவும் குறைத்தே கிடைத்தது. காணிப் பத்திரத்தில் அவர்கள் பெயர் ஏறவில்லை. ஏறவும் முடியாது, ஏனெனில் அவர்கள் நாடற்றவர்கள். கொழும்பிலே எழுதிய சட்டம் இங்கே நமது வேலிக்குள் மலிந்த கூலியாக வந்து இறங்கியது. அதன் பயனை நாமும் அனுபவித்தோம்.

இதை உணர்ந்தவர்கள் அக்காலத்திலேயே சிலர் இருந்தார்கள். டாக்டர் இராசசுந்தரமும் டேவிட் ஐயாவும் காந்தியம் என்ற இயக்கத்தின் மூலம் வவுனியாப் பகுதியில் மலையக அகதிகளைக் குடியமர்த்திக் கிணறு, பள்ளி, பயிர் என்று வழிகாட்டினர். 1983 ஏப்ரிலில் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் டாக்டர் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். அவர் தொடங்கிய பணி அரைவழியில் நின்றது.

அமெரிக்க நாட்டில் அடிமைகள் விடுதலை பெற்ற காலத்தில் நடந்தது ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1865 சனவரியில் ஷேர்மன் என்ற தளபதி, விடுதலையான குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை பகிர்ந்து கொடுக்குமாறு ஆணையிட்டார். அந்த ஆண்டு முடியுமுன்பே புதிய சனாதிபதி ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். விடுதலை இருந்தது, நிலம் இல்லை. பழைய எசமானனின் வயலில் வாரத்துக்கு உழுவதைத் தவிர அம்மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2003இன் சட்டத்தோடு நாம் நின்றுவிட்டால் நமது கதையும் அதுவே.

யுத்தம் எல்லாரையும் ஒரே தறப்பாளின் கீழ் இருத்தியது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் காணிக்காரனும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள். திரும்பி வந்தபோது அந்த ஒற்றுமை கலைந்துவிட்டது. வீட்டுத் திட்டத்துக்குக் காணி ஆவணம் கேட்டார்கள். பத்திரம் உள்ளவனுக்கு வீடு எழும்பியது. முப்பது வருடம் ஒரே மேட்டுக்காணியில் குடியிருந்தும் பத்திரமில்லாதவன் அலைந்தான். சில இடங்களில், மத்தியதர வகுப்பினர் திட்டத்தில் எப்போதோ காணி பெற்று யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் பேரில் அந்நிலம் இருந்தது. அதைக் காடாக விடாமல் காத்தவன் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவன். இதற்குமேல் தண்ணீர் விஷயம். வாய்க்கால் போவது வயற்காணிக்கு. வாய்க்கால் எட்டாத மேட்டில் கிணறும் வைகாசி கழியமுன் வற்றிவிடும்.

படையினரிடமும் வனவளத் திணைக்களத்திடமும் உள்ள நமது காணிகளை விடுங்கள் என்று நாம் கேட்கிறோம். அது முற்றிலும் நியாயமான கோரிக்கை. அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மூரில் அயலானின் மேட்டுக்காணிக்குப் பத்திரம் கிடைக்கும் காரியத்தில் நாம் வாயே திறவாதிருந்தால், கச்சேரியில் இருப்பவர் நம் கோரிக்கையை எப்படி மதிப்பார்?

தானமாகக் கொடுத்துவிடலாமே என்று சொல்வாரும் உளர். வினோபா அடிகள் 1951இல் தெலுங்கானாவில் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதானம் மகத்தான முயற்சியே. எனினும் அதில் கிடைத்த நிலத்தில் ஒரு பெரும்பங்கு கல்லும் முள்ளுமாயிருந்தது. உரியவர் கைக்குப் போய்ச் சேராததும் உண்டு. எனக்கு அதைவிடக் கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் அம்மையாரின் வழி பிடிக்கும். 1968இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த துயரத்தின் பின் அவரும் கணவரும் தஞ்சைப் பகுதிக்குச் சென்று தங்கினர். 1981இல் ஓர் இயக்கம் அமைத்து, மிராசுதார்களோடு பேசி, வங்கிக் கடனுடன் நல்ல வயலையே விலைக்கு வாங்கி, உழைத்த பெண்களின் பெயரில் பதிவு செய்தனர். அங்கே பிச்சை என்ற பேச்சே இல்லை. கடனை அப்பெண்கள் தம் உழைப்பால் அடைப்பது என்பதே ஏற்பாடு.

வெளிநாட்டிலுள்ள நம்மவர் ஊரிற் பற்றைக்காடாகக் கிடக்கும் காணிகளைக் குடியிருப்பவருக்கே நியாய விலைக்கு எழுதிக் கொடுக்கலாம். கோபுரத்துக்குப் பணம் அனுப்புவோருக்கு இது ஒரு பெரிய காரியம் அன்று. நமது கோயில்களின் பரிபாலன சபைகளில் மலையகக் குடும்பத்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காவடி எடுப்பவர் அவர்கள், பந்தல் போடுபவர் அவர்கள்; கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் மட்டும் அவர்கள் இல்லை. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை வீட்டில் பிள்ளைகள் முன் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பாவிப்பவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று நீங்களே ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. காணிக் கச்சேரி கூடும் நாட்களில் எழுத்தறிவு குறைந்த முதியவர்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் மரத்தடியில் நிற்பார்கள். பழைய பங்கீட்டு அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, வாக்காளர் இடாப்பு என்று அவர்கள் குடியிருந்ததற்குச் சான்றுகள் பல உண்டு. எதை எங்கே இணைப்பது என்று அவர்களுக்குச் சொல்வாரில்லை. சங்கத்தில் இருவர் ஒரு மேசையைப் போட்டு அங்கே காலை எட்டு மணிக்கு உட்காரலாம். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.